கைமாறக் கூடாது

"அப்பா, ரொம்ப வேகமாப் போனா சாமி கண்ணுக்கு நாம தெரிவமா?"

தேவயானி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சின்னமனூரிலிருந்து மதுரைக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் லாரியில், அப்பாவுக்குப் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா கர்ணன் வீரபாண்டியைத் தாண்டும்போதெல்லாம் கௌமாரியம்மன் கோயில் இருக்கும் பக்கம் திரும்பி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் தொட்டுக்கொள்வார். அன்று சந்தைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் தொட மறந்துவிட்டார். பிள்ளை அதைக் கவனித்துவிட்டுத்தான் கேட்டது.

அவர் அவளைப் பேசாமல் வரச் சொல்லிவிட்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அந்தக் கேள்வி மட்டும் அதற்குப் பிறகு லாரியை விட்டு இறங்கவே இல்லை.

பதிமூன்று வருடங்களில் கர்ணனுக்குச் சொந்தமாக ஆறு லாரிகள் ஆயின. தேவயானி கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனாள். கர்ணனுக்குச் சீட்டு, குடி, ஊர்ப்பெருமை எதிலும் நாட்டமில்லை. வண்டி ஒன்றுதான் ஆசை. நன்றாகச் செய்யப்பட்ட ஒரு எஞ்சினின் சத்தத்தைக் கேட்டால், நல்ல நாதஸ்வரம் கேட்டவர் போல அப்படியே நின்றுவிடுவார். அப்படிப்பட்டவர் காதில்தான், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தன் புது ஸ்போர்ட்ஸ் காரை இந்தியா முழுவதற்கும் நூறுக்கும் குறைவாகவே தரப்போகிறது என்ற செய்தி விழுந்தது.

பணம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை வாங்கிவிட முடியாது. முன்பு ஒரு காரை அப்படி விற்றபோது, வாங்கியவர்களில் பலர் ஒரே வாரத்தில் ஒன்றரை மடங்கு விலைக்கு வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டார்களாம். ஆசைப்பட்டவர்களுக்குக் கிடைக்காமல், காசு பார்க்க வந்தவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அதனால் இந்த முறை கம்பெனி முதலில் ஒரு கேள்வி கேட்டது: இந்தக் கார் உங்களுக்கு எதற்கு? கர்ணன் மகளுடைய பழைய கேள்வியைத் தமிழில் எழுதி, "இதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை" என்று முடித்து அனுப்பினார். மதுரை ஷோரூம் மேனேஜர் ஜெபராஜ் அதை ஆங்கிலத்தில் மாற்றி மேலே அனுப்பினார். நாற்பது நாள் கழித்துக் கர்ணன் பெயருக்கு வண்டி ஒதுக்கப்பட்டது.

கையெழுத்துப் போடும் நாளில் பதினோரு பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. ஜெபராஜ் பொறுமையாக விளக்கினார். ஒரு வருடத்துக்குள் விற்கும்படியான நெருக்கடி வந்தால் முதலில் கம்பெனியிடம் சொல்ல வேண்டும். அவர்களே வாங்கின விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மீறினால் வண்டியும் போகும், அந்தப் பெயருக்கு இனி எப்போதும் அந்தக் கம்பெனியின் வண்டி கிடைக்காது. கடைசியில் பேனாவை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"சுருக்கமாச் சொன்னா, ஒரு வருஷத்துக்கு வண்டி கைமாறக் கூடாதுண்ணே. அவ்வளவுதான்."

விற்கக் கூடாது என்பதைத்தான் ஜெபராஜ் அப்படிச் சொன்னார். கார் வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். ஆனால் கர்ணன் இருபது வருடம் லாரி ஓட்டியவர். நீண்ட ஓட்டத்தில் ஒரு டிரைவர் இறங்கி இன்னொருவர் ஏறி உட்காருவதைத்தான் அவர்கள் 'கை மாத்துறது' என்பார்கள். "திண்டுக்கல்ல கை மாத்திக்கிட்டோம்" என்றால், அங்கிருந்து அடுத்தவர் ஓட்டினார் என்று பொருள். நெருக்கடி, விலை, கம்பெனி எல்லாம் விற்பனைக்கான விதிகள். இது அதற்கும் மேலே ஒன்று என்று கர்ணன் எடுத்துக்கொண்டார். ஆசைப்பட்டுக் கேட்டவனின் கையைத் தவிர வேறு கை ஒரு வருடத்துக்கு ஸ்டியரிங்கில் படக் கூடாது.

அவருக்கு மெய் சிலிர்த்தது. இரும்பு செய்து விற்கிற ஒரு கம்பெனி இப்படியும் நினைக்குமா? தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொள்கிறவரைப் போலக் கையெழுத்துப் போட்டார்.

ஆனி மாதம் வண்டி வந்தது. மழைக்கு முந்தின மேகமலையின் நிறம். வீரபாண்டியில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுநாள் விடியற்காலையில் கர்ணன் தனியாக உத்தமபாளையம் ரோட்டில் எடுத்துப் போனார். இரண்டு பக்கமும் மலை, நடுவில் திராட்சைப் பந்தல்கள், எதிரே மேற்கிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற ஆனிக் காற்று. லாரியில் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டியே பழக்கப்பட்டவர் அவர். இந்த வண்டி மல்லுக்கட்டவில்லை. காற்று தானாக விலகி வழி கொடுப்பது போல இருந்தது. மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது எழுந்த சத்தத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, வண்டியைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மனுசக் கைதானே இதைச் செய்திருக்கிறது, அந்தக் கையைச் செய்தது யார் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று முதல் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மனைவி ஜோதிலட்சுமியின் தம்பி சுரேஷ்கண்ணன் ஒரு ரவுண்டு கேட்டான். இல்லை என்றார். விடுமுறைக்கு வந்த தேவயானி, லைசென்ஸை எடுத்துக் காட்டிக் கேட்டாள். அவளுக்கும் இல்லை என்றார். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில், வண்டியை நிறுத்தித் தருகிற பையன் சாவி கேட்டதற்கு, ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டுப் பட்டுவேட்டியோடு நடந்து வந்தார்.

"மாமா, இது காரா, கட்டுன பொண்டாட்டியா?" என்றான் சுரேஷ்கண்ணன்.

"என்னயவாச்சும் வருசத்துக்கு ரெண்டு தடவ எங்கம்மா வீட்டுக்கு அனுப்புவாக" என்றாள் ஜோதிலட்சுமி. "இத அதுக்கும் விடல."

ஐந்தாவது மாதத்தில் கொச்சியிலிருந்து ஒரு புரோக்கர் போன் செய்தார். வாங்கின விலையில் ஒன்றரை மடங்கு தருவதாகச் சொன்னார். கர்ணனின் இரண்டு லாரிகள் எஞ்சின் வேலைக்காக நின்றுகொண்டிருந்த நேரம் அது. அவர் உடனே போனை வைக்காததால் புரோக்கர் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தார். பேப்பர் கர்ணன் பெயரிலேயே இருக்கட்டும், பணம் இப்போதே வரும், வண்டி மட்டும் கொச்சிக்கு வந்தால் போதும், வருடம் முடிந்ததும் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றார். "கம்பெனி அறியில்லா சேட்டா" என்று சிரித்தார்.

கர்ணன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். இருபது வருட ஸ்டியரிங் அதில் காய்ப்பாக இருந்தது.

"கம்பெனிக்குத் தெரியாது. கைக்குத் தெரியுமேய்யா" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலைகளில் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, உச்சியில் கேரள எல்லை வரை போய்த் திரும்புவது அவர் வழக்கம். பங்குனியில் ஒரு வெள்ளி, பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் நெஞ்சில் யாரோ கல்லைத் தூக்கி வைத்தது போல இருந்தது. இடது தோள் மரத்தது. சட்டை நனைந்துவிட்டது. எப்படியோ வண்டியை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து முஷ்டிக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் முடியவில்லை.

கீழேயிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. ஓட்டியவன் சின்னக்கருப்பு, புதுப்பட்டிக்காரன், முப்பது வயது. உள்ளே பதினான்கு பெண்கள். ஜீப்பை நிறுத்தியதும் ஒருத்தி குதித்து இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடை கொடுத்தாள். அப்புறம்தான் மற்றவர்கள் இறங்கினார்கள்.

சின்னக்கருப்பு காருக்குள் பார்த்தவுடன் நிலைமையைப் புரிந்துகொண்டான். ஜீப்பைத் திருப்பி ஆளை ஏற்றிக் கீழே கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆகும். இந்தக் காரில் போனால் அதில் பாதி. கர்ணனைத் தூக்கி இடப்பக்கச் சீட்டில் சாய்த்து வைத்தார்கள். சாவி கேட்டான். கர்ணன் முஷ்டியைத் திறக்கவில்லை.

"கைமாறக் கூடாது தம்பி" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "வாக்குக் குடுத்திருக்கேன். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

சின்னக்கருப்பு திகைத்து நின்றான். ஜீப்பின் முன்சீட்டில் வரும் பஞ்சம்மாள், தலையில் துண்டு கட்டிய பெரிய மனுசி, அவனை விலக்கிக்கொண்டு குனிந்தாள்.

"யாருக்குய்யா குடுத்தீக வாக்கு?"

"கம்பெனிக்கு."

இதைக் கேட்டு அவள் சிரித்திருக்கலாம், வைதிருக்கலாம். எந்தக் கம்பெனி, என்ன வாக்கு என்று அவளுக்குத் தெரியாது. சாகக் கிடக்கிற ஒரு மனுசன் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அதைப் பிடுங்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. ஒரு நொடி யோசித்தாள்.

"அப்ப ஒங்க கையயும் கியர்மேல வச்சுக்கங்க. ரெண்டு கையும் சேந்து ஓட்டட்டும். கை சேந்தா மாறுனதாகாதுய்யா."

முஷ்டி திறந்தது. அவளே சாவியை எடுத்துச் சின்னக்கருப்பிடம் கொடுத்தாள். கர்ணனின் வலது கையைத் தூக்கி, நடுவிலிருந்த கியர் குமிழின் மேல் வைத்தாள். சின்னக்கருப்பு தன் இடது கையை அதன்மேல் பொத்தினாற்போல் வைத்து, வண்டியைத் திருப்பி, மலை இறங்கினான்.

ஒன்பது கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கை தன் கையை அழுத்தி ஒரு கியர் இறக்குவதும், வளைவு முடிந்ததும் மெல்ல ஏற்றுவதும் கர்ணனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஏலக்காய் வாசம் வீசுகிற, சொரசொரப்பான கை. வண்டி எங்கேயும் உலுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாகச் சுழன்று சுழன்று மேலே வந்தது. வலி இருந்தது, பயமும் இருந்தது. ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலே, என்றும் அறியாத ஒரு வியப்பு அவரை மூடிக்கொண்டது. தன் உயிர் தன் கையில் இல்லை, முன்பின் தெரியாத ஒருவன் கையில் இருக்கிறது, அந்தக் கை எவ்வளவு பத்திரமாக இருக்கிறது.

கம்பத்து ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை கொடுத்து, ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பினார்கள். இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று அங்கே டாக்டர் சொன்னார். சின்னக்கருப்பு காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி மலைக்குப் போய்விட்டான். பெயர்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கர்ணன் செய்த முதல் வேலை, ஜோதிலட்சுமி வேண்டாம் என்று தடுத்தும், கம்பெனிக்குக் கடிதம் எழுதியது. "ஐயா, பத்தாவது மாதத்தில் என் வாக்கு தவறிவிட்டது. ஒன்பது கிலோமீட்டர் வேறொருவர் ஓட்டினார். என் கையும் கியர்மேல் இருந்தது. ஆனாலும் நான் ஓட்டினேன் என்று சொன்னால் அது பொய். ஒப்பந்தப்படி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்." எழுதி முடித்துவிட்டு வெளியே வந்து, கம்பத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து துணி மூடிப் போட்டிருந்த வண்டியைப் பார்த்தார். அந்தக் கியர் சத்தத்தை இனி கேட்க முடியாது. மனதை மாற்றிக்கொள்வதற்குள் போய், மதுரை ஷோரூம் விலாசத்துக்குத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

நான்கு நாள் கழித்து ஜெபராஜ் கூப்பிட்டார்.

"அண்ணே, அது விக்கக் கூடாதுன்னு மட்டும்தாண்ணே. யாரு வேணா ஓட்டலாம். நான் சொன்ன சொல்லு அப்படி."

கர்ணன் போனோடு அப்படியே திண்ணையில் உட்கார்ந்தார்.

"பதினஞ்சு வருசமா கார் விக்கிறேன்" என்றார் ஜெபராஜ். "வண்டிய வித்துட்டு, இல்லவே இல்லன்னு சாதிச்சவுகளத்தான் பாத்திருக்கேன். இந்தக் கடுதாசிய மேல அனுப்பலண்ணே. எங்கிட்டயே இருக்கட்டும்."

விஷயம் தெரிந்து சுரேஷ்கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். கர்ணனும் சிரித்தார். பத்து மாதம் எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் தனியாக இருக்கும்போது அவருக்கு வேறொன்று தோன்றும். அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், அன்று தன் கைமேல் அந்தக் கை இருந்திருக்காது.

நர்ஸிடம் விசாரித்து, புதுப்பட்டியில் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழமும் வேட்டி சேலையுமாகப் போனார். சின்னக்கருப்பு வீட்டு வாசலிலேயே ஜீப் நின்றது. பஞ்சம்மாள் எதிர்வீடுதான். நலம் விசாரித்தார்கள், காப்பி கொடுத்தார்கள். சின்னக்கருப்பு ஒரு ஆப்பிளை மட்டும் எடுத்துத் தன் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் கும்பிட்டுத் திருப்பித் தந்தான்.

"பொய் சொல்லக் கூடாதுண்ணே. நீங்க நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கீக, எனக்கு அந்த வண்டி ஓட்டுறது இனிச்சுக் கெடக்கு. மூணாவது வளைவுல சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். கணக்குப் பாத்தா நாந்தான் ஒங்களுக்குக் கடன்காரன்."

அன்று தோட்டத்தில் கூலி போயிருக்குமே என்று கர்ணன் கேட்டார். கங்காணி காரணத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட நின்று பறித்துக் கொடுத்தோம் என்றாள் பஞ்சம்மாள். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தாள். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அந்தச் சரிவில் கல்லை மட்டும் நம்ப முடியாமல், சின்னக்கருப்பு திரும்பி வரும் வரை ஒன்றரை மணி நேரம் அவள்தான் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"இறங்குனா கால எங்க வச்சேன்னே தெரியல. அடுத்த மாசம் பாக்குறேன் அடுத்த மாசம் பாக்குறேன்னு ரெண்டு வருசமாச் சொல்றான் இவன்."

கர்ணன் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் அந்தக் கல் இருந்தது. டயரில் அழுந்தி அழுந்தி ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பிரேக்கைத் தானே சரிசெய்து தருவதாகச் சொன்னார். சின்னக்கருப்பு மறுத்துத் தலையை ஆட்டினான்.

"வேணாம்ணே. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வந்துட்டா, அன்னைக்கி ஓட்டுனது கூலிக்கு ஓட்டுனதாப் போயிரும். அது அப்படியே இருக்கட்டும்."

கர்ணன் கும்பிட்டு விடைபெற்றார்.

ஆனி மறுபடி வந்தது. மேற்கிலிருந்து காற்று இறங்கிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விடுமுறைக்கு வந்திருந்த தேவயானியிடம் கர்ணன் இடுப்பிலிருந்து கார் சாவியை எடுத்து நீட்டினார்.

"சாயந்தரம் வரைக்கும் நீ வச்சுக்க. வீரபாண்டி போய் ஆத்தாளக் கும்பிட்டுட்டு வா."

அவள் சாவியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "நீங்க வரலயா?" என்றாள். வேலை இருக்கிறது என்றார். அந்தக் கார் போனால் கம்பமே திரும்பிப் பார்க்கும். அவர் போகிற வேலைக்கு அது ஆகாது. பழைய லாரிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பையில் ஸ்பேனர்களும், தேனியில் வாங்கிய புது ஹேண்ட் பிரேக் கேபிளும் இருந்தன.

கம்பம்மெட்டைத் தாண்டி, தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதைச் சரிவில், பலாமரத்தடியில் ஜீப் நின்றது. பின்சக்கரத்தில் அந்தக் கல். உச்சிப்பொழுது. சின்னக்கருப்பும் பெண்களும் ஏலச்செடிகளுக்குள் எங்கோ இருந்தார்கள். பேச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கர்ணன் இன்னும் இரண்டு பெரிய கற்களைப் பொறுக்கி, சக்கரங்களுக்கு அடை வைத்தார். சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு மல்லாந்து ஜீப்பின் அடியில் நுழைந்தார். பழைய கேபிள் நைந்து, நாலு இழையில் தொங்கியது. அதை உருவி எடுத்து, புதியதைக் கோத்து, நட்டை முடுக்கி, கிரீஸ் தடவினார். அவசரப்படவில்லை. மூச்சு வாங்கும்போதெல்லாம் நிறுத்தி, தலைக்கு மேலே காற்றில் இலைகள் புரள்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

வெளியே வந்து லிவரை இழுத்துப் பார்த்தார். நாலாவது பல்லில் கெட்டியாகப் பிடித்தது. கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார், அந்தத் தேய்ந்த கல்லையும் எடுத்தார். ஜீப்பின் பக்கவாட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். காற்று பலமாக அடித்தது. ஜீப் அசையவில்லை. லிவரை விட்டு, பின்னும் இழுத்து, மூன்று தடவை பார்த்தார். அசையவே இல்லை.

பிறகு தேய்ந்த கல்லை எடுத்து, வழவழப்பான பக்கம் டயரில் படும்படி, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். மற்ற இரண்டையும் செடிக்குள் போட்டார். மண்ணில் கிடந்த தடத்தை ஒரு பலா இலையால் கலைத்துவிட்டார். பழைய கேபிள் சுருண்டு பைக்குள் போனது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தார். பாதையில் யாரும் இல்லை. கிரீஸ் படிந்த கையைத் தூக்கி, லாரி நாட்களில் வீரபாண்டியைத் தாண்டும்போது செய்வது போல, கன்னத்தில் தொட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.